மார்பகப் புற்றுநோய்க்கு நச்சுயிரி காரணமா?

வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல், வாழையில் முடிக்கொத்து, நெல்லில் துங்ரோ ஆகியவை வைரஸ் எனப்படும் நச்சுயிரியால் உண்டாகும் நோய்கள் என்பதை உழவர் பெருமக்கள் நன்கு அறிவர். கோழி வளர்ப்போர் வெள்ளைக் கழிச்சலையும், மாடு வளர்ப்போர் கோமாரியையும் அறிவர். இந்நோய்களுக்கெல்லாம் ஒரு பொதுக் குணம் உண்டு. இவை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பரவும். எனவே, மார்பகப் புற்றுநோய்க்கும் நச்சுயிரி காரணமாக இருக்கலாம் என்ற செய்தி காதில் விழுந்தவுடன், "அப்படியானால் அது ஒட்டிக்கொள்ளுமா?" என்ற அச்சம் எழுவது இயல்பே.

பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம், ஒட்டியம்பாக்கம் வட்டாரத்தில் ஏரி நீர் பாய்ந்து நெல் விளைந்த நிலங்கள் பல இன்று அடுக்குமாடிகளாகிவிட்டன. ஆயினும் இரண்டு மூன்று கறவை மாடுகளை வைத்துப் பால் ஊற்றியும், கீரை, காய்கறி பயிரிட்டும் வாழும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. இத்தகைய குடும்பத்துப் பெண்கள் பயிற்சிக் கூட்டங்களில் மூன்று கேள்விகள் கேட்கிறார்கள். நோய் வந்தவரின் தட்டையும் டம்ளரையும் தனியே வைக்க வேண்டுமா? தாய்ப்பால் வழியாக மகளுக்கு நோய் போகுமா? மாட்டுப்பால் குடிப்பதால் வருமா?

பயிர்களைப் பற்றிய பத்திரிகையில் மனித நோய்க்கு இடம் ஏன் என்று சிலர் எண்ணலாம். நோய்க்குக் காரணம் காணும் முறை பயிருக்கும் கால்நடைக்கும் மனிதருக்கும் ஒன்றே. வயலில் நீங்கள் அறிந்ததைக் கொண்டே இக்கேள்விகளுக்கு விடை காண இயலும். தவறான விடையால் வரும் கேடும் சிறிதன்று. ஒட்டும் நோய் என்று ஊர் ஒதுக்கிவிடுமோ என அஞ்சும் பெண் கட்டியை மறைக்கிறாள். மறைத்த மாதங்களில் கட்டி வளர்கிறது.

புற்று எவ்வாறு தோன்றுகிறது?

நம் உடல் கோடிக்கணக்கான உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவும் எப்பொழுது பிரிந்து பெருக வேண்டும், எப்பொழுது நிறுத்த வேண்டும் என்பதை அதனுள் இருக்கும் மரபணுக்கள் கட்டுப்படுத்துகின்றன. இம்மரபணுக்களில் பழுது ஏற்பட்டு, உயிரணு கட்டுக்கடங்காமல் பெருகுவதே புற்று. வாய்க்காலின் மடையை மூட முடியாமல் போனால் நீர் வயலெல்லாம் பெருகி நிற்பதைப் போன்றது இது.

பழுது ஏற்படக் காரணங்கள் பல. வயது ஏறுதல், புகையிலை, மது, கதிர்வீச்சு, பரம்பரை ஆகியவை அவற்றுள் சில. சில நச்சுயிரிகளும் இப்பழுதை உண்டாக்க வல்லவை. நச்சுயிரி தானே பெருக முடியாதது. உயிரணுவினுள் புகுந்து, அதன் பொறியைக் கொண்டே தன்னைப் பெருக்கிக் கொள்ளும். சிலவகை நச்சுயிரிகள் தம் மரபுப் பொருளை நம் உயிரணுவின் மரபுப் பொருளிலேயே செருகிவிடும். செருகிய இடம் வளர்ச்சி மரபணுவின் அருகே அமைந்துவிட்டால் அந்த உயிரணு அடங்காமல் பெருகத் தொடங்கலாம்.

கோழியும் சுண்டெலியும் கற்பித்த பாடம்

நச்சுயிரியால் புற்று வரும் என்பதை முதலில் காட்டியது கோழியே. 1911-ஆம் ஆண்டு நியூயார்க்கில் பெய்டன் ரௌஸ் என்னும் அறிஞர், பிளிமத் ராக் இனக் கோழியின் புற்றுக் கட்டியை அரைத்து, பாக்டீரியாவும் நுழைய முடியாத நுண்வடிகட்டியில் வடித்து, அச்சாற்றை நலமான கோழிக்குச் செலுத்தினார். அதற்கும் கட்டி வந்தது. அன்று இதனைப் பெரிதாக எண்ணியவர் சிலரே. 55 ஆண்டுகள் கழித்து, 1966-ஆம் ஆண்டு, இதற்காக ரௌசுக்கு நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

கோழிப் பண்ணையாளர்கள் அறிந்த மேரக்ஸ் நோயும் நச்சுயிரியால் வரும் ஒருவகைப் புற்றே. குஞ்சு பொரித்த முதல் நாளிலேயே பொரிப்பகத்தில் போடப்படும் மேரக்ஸ் தடுப்பூசி, புற்றுக்கு எதிராக உலகில் முதன்முதல் வெற்றி கண்ட தடுப்பூசியாகும். 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அது பயனுக்கு வந்தது.

மார்பகப் புற்றைப் பொறுத்தவரை வழிகாட்டியது சுண்டெலி. அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் ஜான் பிட்னர் என்பவர், பால்மடியில் புற்று மிகுதியாக வரும் எலி இனத்தின் குட்டிகளைப் பிறந்தவுடன் எடுத்து, புற்று அரிதாக வரும் இனத்துத் தாயிடம் பால் குடிக்க விட்டார். அக்குட்டிகளுக்குப் புற்று வெகுவாகக் குறைந்தது. தாயின் பாலில் ஏதோ ஒரு காரணி இருப்பதாக 1936-ஆம் ஆண்டு அறிவித்தார். அந்தக் காரணி ஒரு நச்சுயிரி என்பது பின்னர் தெளிவாயிற்று. எலியின் மரபுப் பொருளில் அது எந்த இடத்தில் செருகிக் கொண்டு வளர்ச்சி மரபணுவைத் தூண்டுகிறது என்பதை 1982-ஆம் ஆண்டு நஸ்ஸி, வார்மஸ் ஆகிய இருவரும் கண்டனர்.

ஆக, எலியின் மார்பகப் புற்றுக்கு நச்சுயிரி காரணம் என்பதில் ஐயமில்லை. எலியில் உண்மையானது மனிதரிலும் உண்மையா என்பதே கேள்வி.

காரணம் என்று சொல்ல நான்கு சோதனைகள்

அழுகிய பழத்தில் ஈ மொய்க்கிறது. ஈயா பழத்தை அழுக வைத்தது? காய்ந்த இலையில் கரும்பூஞ்சாணம் படர்ந்திருக்கிறது. அதுவா இலையைக் காய வைத்தது? நோயுற்ற இடத்தில் ஒன்றைக் காண்பதும், அதுவே நோய்க்குக் காரணம் என்பதும் வேறு வேறு. ஆகவே பயிர் நோயியலிலும் மருத்துவத்திலும் சில சோதனைகள் வைக்கப்படுகின்றன. அவற்றை எளிய முறையில் நான்காகச் சொல்லலாம்.

1. நோயுள்ள உடலில் அக்கிருமி பெரும்பாலும் இருக்க வேண்டும். நோயற்ற உடலில் இல்லாமலோ, மிகக் குறைவாகவோ இருக்க வேண்டும்.

2. நோய் தோன்றுவதற்கு முன்பே கிருமி உள்ளே சென்றிருக்க வேண்டும். நோய் வந்த பின் குடியேறியதாக இருக்கக் கூடாது.

3. நலமான உடலில் அக்கிருமி சேர்ந்தால் நோய் வர வேண்டும். நோயுற்ற வெண்டையில் சாறு உறிஞ்சிய வெள்ளை ஈயை நலமான செடியில் விட்டால் அதற்கும் தேமல் வருவது இதற்குச் சான்று. மனிதரிடம் இவ்வாறு செய்து பார்க்க இயலாது. எனவே ஆய்வகத்தில் வளர்க்கும் உயிரணுக்களைக் கொண்டும், பல்லாயிரம் பேரைப் பல ஆண்டுகள் கவனித்தும் இதனை அறிகின்றனர்.

4. கிருமியை நீக்கினால் நோய் குறைய வேண்டும். முடிக்கொத்து கண்ட வாழையைக் கன்றோடு தோண்டி அழித்து, அசுவினியையும் கட்டுப்படுத்தினால் தோட்டத்தில் நோய் குறைகிறதல்லவா? அதைப் போன்றது.

நான்கிலும் தேறிய ஒரு நச்சுயிரி

சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் 1954-ஆம் ஆண்டு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் தொடங்கப்பட்டது. சென்னை மாநகரில் யாருக்கு என்ன புற்று வருகிறது என்பதைப் பதிவு செய்யும் பணி அந்நிலையத்தில் 1981-ஆம் ஆண்டு தொடங்கியது. அன்று பெண்களிடம் முதலிடத்தில் இருந்தது கருப்பை வாய்ப் புற்று. இன்று அது பின்னுக்குச் சென்று, மார்பகப் புற்று முதலிடத்திற்கு வந்துள்ளது.

இவ்விரண்டுள் கருப்பை வாய்ப் புற்றுக்கு நச்சுயிரிதான் காரணம் என்பது முழுதாக மெய்ப்பிக்கப்பட்டது. எச்.பி.வி. எனப்படும் பாப்பிலோமா நச்சுயிரியின் 16-ஆம் வகையை ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹௌசன் 1983-ஆம் ஆண்டு இப்புற்றில் கண்டார். அதற்காக 2008-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். ஏறத்தாழ எல்லாக் கருப்பை வாய்ப் புற்றிலும் இந்நச்சுயிரிகள் காணப்படுகின்றன. புற்றுக்குப் பல ஆண்டுகள் முன்னரே உடலில் புகுகின்றன. ஆய்வக உயிரணுக்களை அடங்காமல் பெருகச் செய்கின்றன. தடுப்பூசி போட்ட நாடுகளில் இளம் பெண்களிடம் இப்புற்று குறைந்துவிட்டது. நான்கு சோதனைகளும் நிறைவேறின. இந்தியாவிலேயே உருவான செர்வாவேக் தடுப்பூசிக்கு 2022-ஆம் ஆண்டு அனுமதி அளிக்கப்பட்டது. 9 முதல் 14 வயதுள்ள பெண் குழந்தைகளுக்கு இத்தடுப்பூசி மிகுந்த பயன் தரும்.

உலகில் 2018-ஆம் ஆண்டு புதிதாகக் கண்ட புற்றுகளில் ஏறத்தாழ 13 விழுக்காடு தொற்றுகளால் வந்தவை எனக் கணக்கிடப்பட்டுள்ளது. மஞ்சள் காமாலையின் பி, சி வகை நச்சுயிரிகளால் வரும் கல்லீரல் புற்றும், ஒருவகைப் பாக்டீரியாவால் வரும் இரைப்பைப் புற்றும் இதில் அடங்கும். மார்பகப் புற்று இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை. ஏன் என்பதை இனிக் காண்போம்.

பம்பாயில் நடந்த தேடல்

மனித மார்பக நச்சுயிரியைத் தேடிய முதன்மையான ஆய்வுகளில் ஒன்று நம் நாட்டோடு தொடர்புடையது. பம்பாயில் 1952-ஆம் ஆண்டு தொடங்கிய இந்தியப் புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தில் டாக்டர் கமல் ரணதிவே அம்மையார், எலிகளின் மார்பகப் புற்றில் நச்சுயிரிக்கும் இயக்குநீருக்கும் உள்ள உறவை ஆராய்ந்தார். இயக்குநீர் என்பது ஹார்மோன். அப்பணி அங்கு ஒரு மரபாகவே வளர்ந்தது.

பம்பாயின் பார்சி சமூகப் பெண்களிடம் மார்பகப் புற்று மிகுதியாகக் காணப்பட்டது. எனவே, எலியின் பாலில் உள்ளதைப் போன்ற துகள் அவர்களுடைய பாலில் இருக்குமோ என்று பார்க்க அமெரிக்க அறிஞர் டான் மூரும், பம்பாய் அறிஞர்களான சத்தியவதி சிர்சாட், பேமாஸ்டர் முதலியோரும் சேர்ந்து ஆராய்ந்தனர். எலி நச்சுயிரியை ஒத்த துகள்கள் மின்னணு நுண்ணோக்கியில் தென்பட்டன. அமெரிக்கப் பெண்களின் பாலைவிடப் பார்சிப் பெண்களின் பாலில் அவை அடிக்கடி காணப்பட்டன. 1971-ஆம் ஆண்டு "நேச்சர்" ஆய்விதழில் இது வெளியாகி உலகெங்கும் பேசப்பட்டது.

ஆனால் பின் நடந்த ஆய்வுகள் இதனை உறுதிப்படுத்தவில்லை. அத்துகள்கள் எலி நச்சுயிரிதான் என்று நிலைநாட்டப்படவில்லை. தாய்ப்பால் குடித்து வளர்ந்த பெண்களையும் குடிக்காமல் வளர்ந்த பெண்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், குடித்தவர்களுக்குப் புற்று கூடுதலாக வரவில்லை. காலந்தாழ்ந்த திருமணமும் குறைந்த பிள்ளைப்பேறும் பார்சிப் பெண்களிடம் மிகுதி. இவை இரண்டும் நோய் வாய்ப்பைக் கூட்டுபவை என்பது தனியே தெரிந்த செய்தி.

நியூயார்க் ஆய்வும் கலப்பட ஐயமும்

1995-ஆம் ஆண்டு நியூயார்க்கில் பொகோ அம்மையாரின் குழு, எலி நச்சுயிரியின் மரபுப் பொருளை ஒத்த துண்டை மனித மார்பகப் புற்றுகளில் ஐந்தில் இரண்டு பங்கு அளவில் கண்டதாக அறிவித்தது. நலமான மார்பகத் திசுவில் அது மிகக் குறைவு. முதல் சோதனைக்கு இது நல்ல சான்றாகவே தோன்றியது. ஆனால் வேறு பல ஆய்வகங்கள் தேடியபோது அத்துண்டு கிடைக்கவில்லை.

இதற்கு இரு விளக்கங்கள் கூறப்படுகின்றன. ஒன்று, மரபுப் பொருளைப் பல கோடி மடங்கு பெருக்கிக் காட்டும் இக்கால முறையில், ஆய்வகத்து எலியின் ஒரு துளி கலந்தாலும் அதுவும் பெருகித் தெரியும். சான்று விதையில் ஒரு பிடி கலப்பு விதை விழுந்தால் வயல் முழுவதும் கலவன் தெரிவதைப் போன்றது இது. மற்றொன்று, மனித மரபுப் பொருளிலேயே ஏறத்தாழ 8 விழுக்காடு பழங்காலத்தில் நம் முன்னோரைத் தாக்கிய நச்சுயிரிகளின் எச்சமாகும். பழைய எச்சத்தைப் புதிய தொற்று என்று மயங்க வாய்ப்புண்டு. ஆய்வு இன்னும் தொடர்கிறது. பாப்பிலோமா நச்சுயிரியையும் எப்ஸ்டீன் பார் நச்சுயிரியையும் மார்பகத்தில் தேடியவர்களின் முடிவுகளும் இவ்வாறே ஒன்றுக்கொன்று முரணாக உள்ளன.

மாட்டுப்பாலைப் பற்றிய ஐயம்

கறவை மாடு வைத்திருப்போர் கவனிக்க வேண்டிய பகுதி இது. மாடுகளுக்கு இரத்தப் புற்றை உண்டாக்கும் நச்சுயிரி ஒன்று உண்டு. தொற்றிய மாடுகளில் நூற்றில் ஐந்துக்கும் குறைவானவற்றுக்கே கட்டி வரும். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பூரிங் அம்மையாரின் குழு 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், புற்றுற்ற பெண்களின் மார்பகத் திசுவில் 59 விழுக்காட்டிலும், புற்றில்லாத பெண்களின் திசுவில் 29 விழுக்காட்டிலும் இந்நச்சுயிரியின் மரபுப் பொருள் தென்பட்டது.

மறு ஆண்டே, 2016-இல், சீனப் பெண்களிடம் நடந்த ஆய்வில் அது காணப்படவில்லை. 51 மார்பகப் புற்றுகளின் மரபுப் பொருளை முழுதாகப் படித்த மற்றோர் ஆய்விலும் அதன் சுவடு இல்லை. இங்கு நான்காவது சோதனையையும் வைத்துப் பார்க்கலாம். டென்மார்க் நாடு தன் மாட்டு மந்தைகளிலிருந்து இந்நச்சுயிரியை ஒழித்து, 1991 முதல் நோயற்ற நாடு எனப் பெயர் பெற்றது. ஆயினும் மார்பகப் புற்று மிகுந்த நாடுகளுள் ஒன்றாகவே அது இன்றும் உள்ளது. இது ஒன்றே இறுதித் தீர்ப்பாகாது. புற்று வளரப் பல்லாண்டு ஆகும். எனினும் மாட்டு நச்சுயிரியே பெருங்காரணம் என்ற கருத்துக்கு இது துணை நிற்கவில்லை.

இந்நச்சுயிரி வெப்பத்தைத் தாங்காது. பாலைப் பதப்படுத்தும் வெப்பத்திலேயே செயலிழந்துவிடும். பாலைப் பொங்கக் காய்ச்சிக் குடிக்கும் நம் வழக்கம் மிகச் சிறந்த பாதுகாப்பாகும். கறந்த பச்சைப் பாலை அப்படியே குடிப்பதும் குழந்தைக்குப் புகட்டுவதும் கூடாது. கன்று வீச்சு நோய், காசநோய் ஆகியவை பச்சைப் பாலால் பரவும் என்பது உறுதியாகத் தெரிந்த உண்மை.

மூன்று கேள்விகளுக்கு விடை

தட்டு, டம்ளர், துணி, படுக்கை, தொடுதல் எதனாலும் மார்பகப் புற்று ஒருவரிடமிருந்து மற்றவருக்கு வராது. நாளையே ஒரு நச்சுயிரிக்கு இதில் பங்குண்டு என மெய்ப்பிக்கப்பட்டாலும் இது மாறாது. கருப்பை வாய்ப் புற்றைப் பாருங்கள். பரவுவது நச்சுயிரி. புற்று பரவுவதில்லை. நச்சுயிரி புகுந்தவர்களிலும் மிகச் சிலருக்கே, பல ஆண்டுகள் கழித்து, புற்று வருகிறது. எனவே நோயுற்ற தாயைத் திண்ணையில் தனியே அமர்த்துவதும், பேரக் குழந்தையை அவரிடம் கொடுக்க மறுப்பதும் தேவையற்ற கொடுமையாகும்.

தாய்ப்பால் கொடுப்பதை நிறுத்தக் கூடாது. 30 நாடுகளின் 47 ஆய்வுகளைத் தொகுத்து 2002-ஆம் ஆண்டு வெளியான முடிவின்படி, ஒரு பெண் பாலூட்டும் ஒவ்வொரு 12 மாதத்திற்கும் அவளுக்கு மார்பகப் புற்று வரும் வாய்ப்பு 4.3 விழுக்காடு குறைகிறது. பாலூட்டல் தாய்க்கே காப்பாக அமைகிறது. நோய்க்குச் சிகிச்சை பெறும் தாய்மார்கள் மட்டும் பாலூட்டுவது குறித்து மருத்துவரைக் கேட்க வேண்டும்.

காய்ச்சிய மாட்டுப்பாலை அச்சமின்றிக் குடிக்கலாம்.

இன்று செய்ய வேண்டியது

காரணத்தைத் தேடும் பணி அறிஞர்களுடையது. காலத்தில் கண்டுபிடிக்கும் பணி நம்முடையது. 40 வயதைக் கடந்தோர், முதல் பிள்ளையைக் காலந்தாழ்ந்து பெற்றோர், பிள்ளை பெறாதோர், மாதவிடாய் நின்றபின் உடல் பருத்தோர், தாய்க்கோ உடன்பிறந்தாளுக்கோ இந்நோய் வந்தோர் ஆகியோர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். ஆண்களுக்கும் இந்நோய் அரிதாக வரும்.

பயிரைப் பார்வையிடுவதைப் போல மாதம் ஒரு முறை மார்பகத்தைத் தொட்டும் கண்ணாடியில் பார்த்தும் அறிந்திருத்தல் நன்று. மாதவிடாய் முடிந்த சில நாட்களில் பார்ப்பது ஏற்றது. மாதவிடாய் நின்றவர்கள் மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக் கொள்ளலாம். கீழ்க்கண்ட அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

– மார்பகத்திலோ அக்குளிலோ கட்டி. வலி இல்லை என்பதால் விட்டுவிடக் கூடாது. புற்றுக் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது.
– தோல் குழிதல், ஆரஞ்சுத் தோல் போலத் தடித்தல், சிவத்தல்.
– காம்பு புதிதாக உள்ளிழுத்தல், காம்பில் ஆறாத புண்.
– காம்பிலிருந்து இரத்தம் கலந்த நீர் வடிதல்.

கட்டிகளில் பெரும்பாலானவை புற்றல்ல. அதனை உறுதி செய்யப் பரிசோதனை தேவை. ஊசி குத்தி எடுத்தால் புற்று பரவிவிடும் என்பது தவறான எண்ணம். பற்றுப் போட்டும், மந்திரித்தும் நாளைக் கடத்துவது நோய்க்கு நீர் பாய்ச்சுவதாகும்.

காலத்தில் பார்ப்பதன் பயனுக்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. மும்பையின் குடிசைப் பகுதிகளில் 1998-ஆம் ஆண்டு தொடங்கி 1,51,538 பெண்களைக் கொண்டு டாட்டா நினைவு மருத்துவமனை ஓர் ஆய்வு நடத்தியது. பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை கைகளால் தொட்டுப் பரிசோதித்தனர். அதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. நோய் முன்னதாகவே கண்டறியப்பட்டது. 2021-ஆம் ஆண்டு வெளியான முடிவின்படி, 50 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் இந்நோயால் இறப்பது ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. அதற்குக் குறைந்த வயதினரில் இறப்புக் குறைவு தெளிவாகத் தெரியவில்லை.

30 வயது நிறைந்த பெண்கள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்பரிசோதனையைக் கேட்டுப் பெறலாம். பெரும்பாக்கம் பகுதியினருக்கு அடையாறு புற்றுநோய் நிலையம் 20 கிலோமீட்டருக்குள் உள்ளது. காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அரசு அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை உள்ளது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுச் சிகிச்சைக்கு உதவி உண்டு. குடும்ப அட்டையுடன் சென்று விசாரிக்கவும்.

நினைவில் கொள்க

1. எலியின் மார்பகப் புற்றுக்கு நச்சுயிரி காரணம். மனிதரில் அது மெய்ப்பிக்கப்படவில்லை. ஆய்வு நடைபெற்று வருகிறது.
2. மார்பகப் புற்று ஒட்டுநோயன்று. நோயுற்றவரை ஒதுக்காதீர்கள்.
3. தாய்ப்பால் கொடுங்கள். மாட்டுப்பாலைக் காய்ச்சிக் குடியுங்கள்.
4. பெண் குழந்தைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி பற்றி மருத்துவரைக் கேளுங்கள். அது கருப்பை வாய்க்கு உரியது.
5. வலியில்லாத கட்டியை மறைக்காதீர்கள். அதே வாரத்தில் காட்டுங்கள்.

வெண்டையில் ஓர் இலையில் நரம்பு மஞ்சளானவுடன் வயலில் இறங்கிப் பார்க்கிறோம். வீட்டில் உள்ள தாயும் மனைவியும் மகளும் "இங்கே ஒரு கட்டி தெரிகிறது" என்று கூசாமல் சொல்லக்கூடிய நிலையை உண்டாக்குவது குடும்பத்து ஆண்களின் கடமையாகும்.